ஒன்பது வயதில் தீபா கர்மாகரிடம் என்ன இருந்தது?

பென்னாகரத்துத் தந்தை கேட்டது:

வணக்கம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. பட்டுப்புழு வளர்ப்பும், மழையை நம்பிய கொஞ்சம் கேழ்வரகும்தான் பிழைப்பு. என் மகளுக்கு ஒன்பது வயது. அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோனபோது அவளையும் அழைத்துப் போயிருந்தேன். ஏலம் முடியும்வரை பொழுது போகட்டும் என்று கைப்பேசியைக் கொடுத்தேன். அதில் எப்படியோ ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் ரியோ ஒலிம்பிக் காணொளி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

அன்று முதல் அவளுக்கு இதே வேலை. களத்தில் குவித்திருக்கும் கேழ்வரகுத் தாளை நோக்கித் தூரத்திலிருந்து ஓடிவருவாள். ஓரத்தில் கிடக்கும் பழைய உருளைக்கல்லின் மேல் இரு கைகளையும் ஊன்றிக் கால்களை மேலே வீசி அந்தத் தாளின் மேல் போய் விழுவாள். மாசி மாதத்தில் மணிக்கட்டு பிசகிப் பத்து நாள் கட்டோடு இருந்தாள். கட்டை அவிழ்த்த மறுநாளே மீண்டும் களத்தில் நிற்கிறாள். பெண்பிள்ளையைக் கழைக்கூத்தாடி ஆக்கப் போகிறாயா என்று என் தாயார் தினமும் கேட்கிறார். போதாததற்கு, அவளுக்குத் தட்டைப் பாதம் என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டார். குளித்துவிட்டுத் திண்ணையில் நடந்தால் சிமென்ட் தரையில் முழுப் பாதமும் பதிகிறது. நடுவில் வளைவே தெரிவதில்லை.

தீபாவுக்கும் தட்டைப் பாதம்தான் என்று படித்தேன். எனக்கு மேடைப்பேச்சு வேண்டாம். என் மகளின் வயதில் அவரிடம் என்ன இருந்தது, எங்களிடம் என்ன இல்லை என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரியோவில் செய்த அந்த ஆபத்தான தாவலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார், அதன்பிறகு அவருக்கு என்ன ஆனது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

ஐயா, கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளை ஓடவிட்டு ஓய்வு பெற்றவன் நான். "அவரைப் போல ஆவது எப்படி" என்றுதான் பலரும் கேட்பார்கள். அந்த வயதில் அவரிடம் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி.

தீபா 1993 ஆகஸ்ட் 9 அன்று திரிபுராவின் அகர்தலாவில் பிறந்தவர். தந்தை துலால் கர்மாகர், இந்திய விளையாட்டு ஆணையத்தில் பளுதூக்குதல் பயிற்சியாளர். மகளை ஏறத்தாழ ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் சேர்த்தவர் அவர்தான். முதலில் சோமா நந்தி என்னும் பயிற்சியாளரிடமும், பிறகு அவருடைய கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியிடமும் தீபா கற்றுக்கொண்டார். ஆக, ஒன்பது வயதில் அவரிடம் இருந்தவை மூன்றாண்டுப் பயிற்சியும், உடற்பயிற்சியின் அருமை தெரிந்த தந்தையும், முன்னாள் தேசிய சாம்பியனான ஓர் ஆசானும். வசதி என்று சொல்லும்படி வேறு எதுவும் இல்லை. மழை பெய்தால் கூடத்துக்குள் தண்ணீர் புகும்; எலிகள் ஓடும்; பழைய ஸ்கூட்டரின் உதிரி பாகங்களைக் கொண்டு உந்துபலகை செய்துகொண்டார்கள் என்றெல்லாம் பின்னாளில் செய்திகள் வந்தன. தட்டைப் பாதத்தைப் பற்றி நீங்கள் படித்ததும் உண்மையே. அது துள்ளலைக் குறைக்கும் என்பதால், பாதத்தில் வளைவு வருவதற்கான பயிற்சிகளை நந்தி பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறார்.

ஆனால் பத்திரிகைகள் "சின்ன ஊரிலிருந்து வந்த பெண்" என்று எழுதும்போது ஒரு செய்தியை விட்டுவிடுகின்றன. அகர்தலா சின்ன ஊர்தான். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸைப் பொறுத்தவரை அது பழுத்த ஊர். 1960-களில் தலிப் சிங் என்னும் பயிற்சியாளர் அங்கே போய்த் தங்கிப் பிள்ளைகளைப் பழக்கினார். தீபா பிறப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1975-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதை அவ்வூரின் மந்து தேப்நாத் ஜிம்னாஸ்டிக்ஸுக்காகப் பெற்றார். பின்னர் கல்பனா தேப்நாத்துக்கும் அவ்விருது கிடைத்தது. நந்தியும் அந்த வழியில் வந்தவரே. ஆசானுக்கு ஆசான் இருந்த ஊர் அது. எங்கள் ஊர்ப்பக்கம் கபடிக்கு அப்படி ஒரு வழி உண்டு. சந்துக்குச் சந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இல்லை.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பொருள் அறையில், தோல் உறை கிழிந்து தேங்காய் நார் பிதுங்கிய வால்டிங் குதிரை (ஓடிவந்து கையூன்றித் தாண்டும் கருவி) ஒன்று கிடந்தது. அதன் மேல் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். எப்படித் தாண்ட வேண்டும் என்பது எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆனால் கீழே நல்ல மெத்தை இல்லாமல் ஒரு பிள்ளையைத் தாண்டு என்று சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் குதிரையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

தீபாவின் வளர்ச்சியும் மெதுவானதுதான். 2008-இல் ஜல்பைகுரியில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் வென்றார். 2011 தேசிய விளையாட்டுப் போட்டியில் திரிபுராவுக்காக ஆடி, ஒட்டுமொத்தப் பிரிவிலும் நான்கு கருவிகளிலும் தங்கம் பெற்றார். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட் எனப்படும் தாண்டும் பிரிவில் வெண்கலம் கிடைத்தபோது அவருக்கு இருபது வயது. அந்தப் போட்டியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். உங்கள் மகளின் வயதிலிருந்து அந்தப் பதக்கம்வரை பதினோரு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஓசூர்வாசி:

ஆசிரியர் ஐயா எழுதியதைத் தொடர்கிறேன். கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவன். பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இப்போது இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அந்தத் தாவலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெண்களுக்கான வால்ட் மேசையின் உயரம் 125 சென்டிமீட்டர். ஓடிவர அதிகபட்சம் 25 மீட்டர் தூரம் உண்டு. ஓடிவந்து உந்துபலகையில் மிதித்து, தலைகீழாக மேசையில் கையூன்றி உந்தி, காற்றில் முன்னோக்கி இரண்டு குட்டிக்கரணம் அடித்துக் காலால் இறங்குவதற்குப் புரோடுனோவா என்று பெயர். 1999-இல் இதை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த ரஷ்ய வீராங்கனை யெலேனா புரோடுனோவாவின் பெயர் அது. பின்னோக்கிச் சுழலும் தாவல்களில் இறங்குவதற்குச் சற்று முன்பு தரை கண்ணுக்குத் தெரியும். முன்னோக்கிச் சுழலும்போது கடைசி நொடியில் தரை தெரியாது. எப்போது உடலை விரிப்பது என்பதை உடம்பே அறிந்து செய்ய வேண்டும். சுழற்சி குறைந்தால் கழுத்தும் முதுகும் அடிபடும் என்பதால்தான் அதை மரணத் தாவல் என்கிறார்கள்.

அப்படியிருந்தும் தீபா அதை எடுத்ததற்குக் காரணம் வெறும் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு கணக்கு இருந்தது. 2006 முதல் மதிப்பெண் இரண்டு பகுதிகளாக வழங்கப்படுகிறது: தாவலின் கடினத்துக்கு ஒன்று, செய்த நேர்த்திக்குப் பத்துக்கு இத்தனை என்று மற்றொன்று. ரியோ காலத்து விதியில் புரோடுனோவாவின் கடின மதிப்பு 7.0. முன்னணி வீராங்கனைகள் செய்த அமனார் தாவலுக்கே 6.3-தான். நேர்த்தியில் வல்லவர்களை நேர்த்தியால் வெல்வது, நல்ல கருவிகள் காலம் தாழ்த்திக் கிடைத்த ஒருவருக்கு எளிதல்ல. கடினத்தில் முந்திக்கொண்டால், இறங்கும்போது சற்றுத் தடுமாறினாலும் கணக்கு நிற்கும். நந்தி போட்ட கணக்கு இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆபத்தான தாவலுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது சரியா என்ற விவாதம் அப்போதே இருந்தது. என்னைக் கேட்டால் விதியை எழுதியவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள் பெற்று, ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆனார். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தால் 1964-க்குப் பிறகு, அதாவது 52 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர். ஆகஸ்ட் 7 அன்று நடந்த தகுதிச் சுற்றில் வால்டில் 14.850 பெற்று எட்டாவது இடம். இறுதிக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். அதன்பின் பயிற்சியாளர் அவருடைய கைப்பேசியிலிருந்து சிம் அட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டார். இடையில் வந்த பிறந்தநாளுக்குப் பெற்றோரிடம் பேச மட்டும் அனுமதித்தாராம்.

இறுதிப் போட்டி நடந்தது ஆகஸ்ட் 14. நமக்கு அது சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு மேல். இரவுப் பணி முடிந்து வந்தவர்கள், போக வேண்டியவர்கள் என்று எங்கள் விடுதிக் கூடத்தில் முப்பது பேர் நின்றுகொண்டே பார்த்தோம். அவர்களில் பாதிப் பேருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் சர்க்கஸ் என்றுதான் தெரியும். தீபா முதலில் பின்னோக்கிச் சுழலும் சுகஹாரா வகைத் தாவலைச் செய்து 14.866 பெற்றார். அடுத்தது புரோடுனோவா. மிகத் தாழ்ந்து, குந்திய நிலையில் இறங்கினார்; ஆனால் கைகளை ஊன்றாமல் எழுந்துவிட்டார். 7.0-உடன் நேர்த்திக்கு 8.266 சேர்த்து 15.266. இரண்டின் சராசரி 15.066. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 15.966 எடுத்துத் தங்கம் வென்றார். ரஷ்யாவின் மரியா பசேக்கா வெள்ளி. சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216 எடுத்து வெண்கலம். தீபாவுக்கு நான்காம் இடம், 0.150 புள்ளி வித்தியாசம்.

அந்த 0.150 என்பது சராசரியில் உள்ள வித்தியாசம். இரண்டு தாவல்களையும் கூட்டினால் 0.3. இறங்கும்போது கால் நழுவி ஒரு பெரிய அடி எடுத்துவைத்தால் நடுவர் கழிப்பது அதே 0.3-தான். ஓர் அடி.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று: அதே இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினாவும் இருந்தார். அவருக்கு அப்போது 41 வயது. அவரும் புரோடுனோவாவை முயன்றார். ஏழாவது இடம் கிடைத்தது.

அரூர் அத்தை:

எல்லாரும் புள்ளிக்கணக்குச் சொல்கிறீர்கள். நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். பதினேழு ஆண்டுகள் உடம்பை வருத்தி, கடைசியில் நான்காம் இடம். இங்கே ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுவதற்கே வீட்டில் நாங்கள் எவ்வளவு சண்டை போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஆசையால் படிப்பு கெட்டால் பதில் சொல்வது யார்? குழந்தையின் பாட்டியைத் திட்டாதீர்கள் தம்பி. கழைக்கூத்தாடி என்பது இழிவான சொல் என்று நினைத்து அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் கயிற்றிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிள்ளைகளைச் சந்தையில் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

காவேரிப்பட்டணம், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

அம்மா, நியாயமான கேள்வி. தீபா படிப்பை விடவில்லை. ரியோவிலிருந்து திரும்பிய கையோடு அரசியல் அறிவியல் முதுகலைத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தார். ஆனால் அது அவரால் முடிந்தது என்பதற்காக எல்லாப் பிள்ளைகளாலும் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். நான்காம் இடத்தைப் பொறுத்தவரை, அதை நாடு தோல்வியாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டே ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதும், நந்திக்குத் துரோணாச்சாரியார் விருதும் கிடைத்தன, 2017-இல் பத்மஸ்ரீ. பரிசாக வந்த பி.எம்.டபிள்யூ காரை, அகர்தலாவின் குறுகிய சாலைகளில் ஓட்டுவதும் பராமரிப்பதும் கடினம் என்று அவர் திருப்பிக் கொடுத்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது அன்றுதான்.

பென்னாகரத்துத் தந்தை:

எல்லாருக்கும் நன்றி. ஆசானுக்கு ஆசான் இருந்த ஊர் என்பதைப் படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அரூர் அக்கா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்காவது புத்தி இருக்குது" என்றார். ரியோவுக்குப் பிறகு தீபாவுக்கு என்ன ஆனது என்பதை யாரும் எழுதவில்லையே? தடை விதித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கிருஷ்ணகிரி இயன்முறை மருத்துவர்:

உண்மைதான்; மறைக்க வேண்டியதில்லை. முதலில் முழங்காலைச் சொல்கிறேன். 2017-இல் பயிற்சியின்போது அவருடைய முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்து, ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முன்பின் நழுவாமல் பிடித்துவைப்பது அந்த நார். குதித்து இறங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அது அறுவது, வண்டியோட்டிக்கு அச்சாணி முறிவது போல. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்துவிட்டு, 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் வால்டில் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஜெர்மனியின் கோட்புஸ் உலகக் கோப்பையில் வெண்கலம். முழங்கால் அதன்பிறகும் தொந்தரவு கொடுத்துக்கொண்டேதான் இருந்தது.

2021 அக்டோபரில், போட்டி இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்ட மாதிரியில் ஹைஜெனமைன் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாகக் கண்டறியப்பட்டு, 21 மாதத் தடை விதிக்கப்பட்டது. 2023 ஜூலை 10 அன்று அது முடிந்தது. தெரியாமல் உடலில் சேர்ந்துவிட்டது என்று தீபா சொன்னார். அந்தப் பொருள் சில தாவரங்களிலும், கடைகளில் விற்கும் சில சத்து மாவுகளிலும் இருக்கக்கூடியது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், என்னிடம் சிகிச்சைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் பலர் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த டப்பாவை, உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே பாலில் கலக்கிக் குடிக்கிறார்கள். உங்கள் வீட்டில் கேழ்வரகும் வேர்க்கடலையும் முட்டையும் இருக்கின்றன, டப்பா வேண்டாம்.

தடை முடிந்து திரும்பி வந்த தீபா, 2024 மே 26 அன்று தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 13.566 புள்ளிகளுடன் வால்ட் தங்கத்தை வென்றார். அப்போட்டியில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. முப்பது வயதில், அறுவை செய்த முழங்காலோடு. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று ஓய்வை அறிவித்தார்.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். அவளை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது பாதத்தில் வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லையென்றால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை, குழந்தைகளுக்கு ஏறக்குறைய பத்து வயதுவரைகூட வளைவு உருவாகிக்கொண்டிருக்கும். நுனிக்காலில் நின்றும் வளைவு வராவிட்டாலோ, வலி இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்குக் கவலை பாதத்தைவிட மணிக்கட்டில்தான். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டு மென்மையானது. உடம்பின் பாரம் முழுவதையும் ஓடிவந்து ஒரு கல்லின் மேல் போடுவதை இன்றே நிறுத்துங்கள். தாளின் மேல் விழுவதிலும் ஆபத்து உண்டு, ஏனெனில் மேலே மெத்தென்று தெரிந்தாலும் அடியில் மேடுபள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இப்போதைக்குச் சுவரில் கால் சாய்த்துக் கைகளில் நிற்பது, சமதரையில் துணி விரித்து உருள்வது, படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து குதித்து முழங்கால்கள் உள்ளே மடங்காமல் ஓசையின்றி இறங்குவது ஆகியவை போதும். ஓசையின்றி இறங்கக் கற்பதற்கே ஆறு மாதம் பிடிக்கும்.

விளையாட்டு விடுதிச் சேர்க்கை பெரும்பாலும் ஏழாம் வகுப்பிலிருந்துதான். எந்தெந்த ஆட்டங்களுக்கு எங்கே தேர்வு நடக்கிறது என்பதைத் தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் உள்ள அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

ஓசூர்வாசி:

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு நண்பர்களும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அடிப்படைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறோம். வால்ட் மேசை கிடையாது. நல்ல மெத்தைகள் நான்கும், மேலே நடந்து சமநிலை பழகுவதற்குத் தாழ்வான ஒரு பீமும் உண்டு. சாம்பியன் ஆக்குகிறேன் என்று சொல்லமாட்டேன். குழந்தையை ஒருமுறை அழைத்து வாருங்கள். கையில் நிற்பதைப் பார்த்தால், பெங்களூரில் யாரிடம் அனுப்பலாம் அல்லது அனுப்ப வேண்டாம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுவேன்.

பென்னாகரத்துத் தந்தை:

நேற்று மாலை நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். வளைவு வருகிறது ஐயா, மெல்லிய பிறை போல. நானும் என் தம்பியும் உருளைக்கல்லை நெம்பித் தள்ளி மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுக்கிவிட்டோம். அதைப் பார்த்து அவள் இரவு சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், என் தாயார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவள் கடைசிப் படியிலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறாள். "சத்தம் கேட்குது, மறுபடி குதி" என்று பாட்டி சொல்கிறார்.

ஞாயிறு முதல் பேருந்தில் கிளம்பினால் பத்து மணிக்குள் ஓசூர் வந்துவிடலாம். என்ன உடை போட்டு அழைத்துவர வேண்டும்?

ஓசூர்வாசி:

உடம்போடு ஒட்டிய பனியனும் அரைக்கால் சட்டையும் போதும். தலைமுடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.